முதல் விண்டோ நிரல் ஓட மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

பைத்தானில் ஒன்றிரண்டு மாதம் பழகியதும் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, கறுப்புத் திரையை விட்டு வெளியே வந்து, பட்டனும் பெட்டியும் வைத்துச் சொந்தமாக ஒரு விண்டோ போட வேண்டும் என்பது. அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட, பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காததைப் பார்த்துவிட்டு "எனக்கு இது வராது" என்று மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வராமல் இல்லை. விண்டோ நிரல் ஓடும் விதமே வேறு, அதை முதல் நாளே யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

சாதாரண நிரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டம் உங்கள் கையில் இருக்கிறது. விண்டோ நிரலில் பட்டன்களையும் பெட்டிகளையும் அடுக்கி முடித்ததும், மெயின்லூப் என்ற ஒரு சுற்றிடம் ஓட்டத்தை ஒப்படைத்துவிடுகிறீர்கள். மவுஸ் அழுத்தம், விசை அழுத்தம், திரையைத் திரும்ப வரையும் வேலை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மெயின்லூப் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கும். நடுவில் தேவைப்பட்டால் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். கூப்பிட்ட வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஓட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாததால் வருபவை.

பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகின்டர் என்ற விண்டோ நூலகத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடை பில். விலைக்கு ஒரு பெட்டி, அளவுக்கு ஒரு பெட்டி, "கணக்கிடு" என்று ஒரு பட்டன், மொத்தத்தைக் காட்ட ஒரு லேபிள், அவ்வளவுதான். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஆனால் உங்கள் ஃபங்ஷனுக்கும் மாறிகளுக்கும் பெயர் வைக்கும்போது தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

எதற்கும் முன்னால்: பிழைச் செய்தி கண்ணில் படுகிறதா?

ஃபைலை இரட்டை கிளிக் செய்து ஓட்டாதீர்கள். கமாண்ட் பிராம்ப்ட்டையோ டெர்மினலையோ திறந்து, ஃபைல் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து ஓட்டுங்கள். இரட்டை கிளிக்கில் ஓட்டினால் கறுப்புத் திரை செய்தியோடு சேர்ந்து அரை நொடியில் மறைந்துவிடும். ஃபைலின் பெயர் பிஒய்டபிள்யூ என்று முடிந்தால் இன்னும் மோசம். விண்டோஸில் அந்த வகை ஃபைலுக்குக் கறுப்புத் திரையே கிடையாது, செய்தி எங்கும் போய்ச் சேராது. பிழை தேடி முடிக்கும்வரை பிஒய் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் இன்னொன்று. உங்கள் ஃபங்ஷனுக்குள் பிழை நடந்தால் சாதாரண நிரல் போல விண்டோ நிரல் நின்றுவிடாது. டிகின்டர் அந்தப் பிழையைப் பிடித்து டெர்மினலில் எழுதிவிட்டு, விண்டோவைத் தொடர்ந்து ஓட்டும். விண்டோவை மட்டும் பார்ப்பவருக்குப் பட்டன் செத்துப்போனது போலத் தெரியும். பின்னால் டெர்மினலில் பத்து வரிப் பிழைச் செய்தி காத்திருக்கும். "பட்டன் வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டெர்மினலில் என்ன இருக்கிறது?"

அந்தச் செய்தியைக் கீழிருந்து மேலே படியுங்கள். கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும். அதற்கு மேலே தேடினால் உங்கள் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் கிடைக்கும். நடுவில் டிகின்டரின் சொந்த ஃபைல்கள் வரும், அவற்றைத் தாண்டிவிடலாம். செய்தியில் புள்ளியும் ஆச்சரியக்குறியும் கலந்து ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம். டிகின்டருக்கு அடியில் இருப்பது டிகே என்ற தனிக் கருவி. ஜான் ஆஸ்டர்ஹவுட் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டிசிஎல் என்ற தன் மொழிக்காக உருவாக்கியது அது. அந்த மொழியின் பெயரிடும் முறைதான் செய்தியில் எட்டிப்பார்க்கிறது. வெறும் புள்ளி என்றால் முதன்மை விண்டோ. புள்ளி, ஃபிரேம், புள்ளி, என்ட்ரி2 என்று வந்தால், அந்த ஃபிரேமுக்குள் (பட்டன், பெட்டிகளை உள்ளே அடுக்கும் சட்டத்துக்குள்) நீங்கள் வைத்த இரண்டாவது என்ட்ரி பெட்டி. எந்தப் பெட்டியில் தகராறு என்பதை அதிலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

"நோ மாட்யூல் நேம்டு டிகின்டர்" என்று வருகிறது

விண்டோஸில் பைத்தானின் சொந்த இன்ஸ்டாலரைப் பயன்படுத்தியிருந்தால் டிகின்டர் கூடவே வந்திருக்கும். உபுண்டு, டெபியனில் அதைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏபிடி மூலம் பைத்தான்3-டிகே என்ற பொதியைப் போட்டால் சரியாகிவிடும். பிப் வழியாகத் தேடாதீர்கள், டிகின்டர் அந்த வழியில் வருவதில்லை.

போட்ட பிறகு பைத்தான் -எம் டிகின்டர் (உபுண்டு, டெபியனில் பைத்தான்3 -எம் டிகின்டர்) என்று டெர்மினலில் அடியுங்கள். டிகேயின் பதிப்பு எண்ணோடு ஒரு சின்ன விண்டோ வந்தால் கருவி நலமாக இருக்கிறது, பிழை உங்கள் நிரலில்தான். அதைத் தெரிந்துகொள்வதே பாதி நிம்மதி.

பழைய புத்தகத்தைப் பார்த்து அடிப்பவர்கள் டிகின்டரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டிருப்பார்கள். அது பைத்தான் 2 காலத்துப் பெயர். பைத்தான் 3-இல் எல்லாம் சின்ன எழுத்து.

டிகின்டரில் டிகே என்ற ஒன்றே இல்லை என்று செய்தி வந்தால், உங்கள் ஃபைலின் பெயரைப் பாருங்கள். பயிற்சிக்காக டிகின்டர்.பிஒய் என்றே சேமித்திருப்பீர்கள். பைத்தான் முதலில் அதே ஃபோல்டரில்தான் தேடும். உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, அதற்குள் டிகே எங்கே என்று கேட்கிறது. பெயரை மாற்றினால் போதும்.

விண்டோ வரவே இல்லை, அல்லது மின்னி மறைகிறது

கடைசி வரியில் மெயின்லூப் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பைத்தான் கடைசி வரியைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடும், விண்டோவும் கூடவே போய்விடும்.

"ஐடிலில் ஓடியது சார், வெளியே ஓடவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது உண்மைதான். பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடில் உங்களுக்காகப் பின்னணியில் நொடிக்கு ஏறக்குறைய 20 தடவை விண்டோவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் மெயின்லூப் மறந்த நிரலும் அங்கே உயிரோடு இருப்பது போலத் தெரியும். வெளியே எடுத்தால் அந்த உதவி இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. மெயின்லூப்புக்குக் கீழே எழுதிய வரிகள், பயனர் விண்டோவை மூடிய பிறகுதான் ஓடும். அங்கே ஒரு லேபிளை உருவாக்க முயன்றால் "அப்ளிகேஷன் ஹாஸ் பீன் டெஸ்ட்ராய்டு" என்று வரும். மெயின்லூப் கடைசி வரியாகவே இருக்கட்டும்.

விண்டோ வந்தும் காலியாக, சதுரமாக நிற்கிறதா? பட்டனை உருவாக்கியிருக்கிறீர்கள், இடத்தில் வைக்கவில்லை. உருவாக்குவது ஒரு வேலை, பேக் அல்லது கிரிட் சொல்லி வைப்பது இன்னொரு வேலை.

பட்டனை அழுத்தும் முன்பே ஓடிவிடுகிறது, அழுத்தினால் ஒன்றும் இல்லை

இந்த ஒரு அறிகுறிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். காரணம் ஒரு ஜோடி அடைப்புக்குறி.

தவறு: கமாண்ட்=கணக்கிடு()
சரி: கமாண்ட்=கணக்கிடு

இப்படி நினைத்துப் பாருங்கள்: ஒரு கல்யாண வீட்டில், பந்தலில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று உங்களிடம் கேட்கிறார்கள். மேஸ்திரியின் நம்பரை எழுதிக் கொடுக்கலாம். அல்லது அந்த நிமிஷமே அவருக்கு போன் போட்டு வரச் சொல்லலாம். அடைப்புக்குறி இல்லாத பெயர், நம்பரை எழுதிக் கொடுப்பது. அடைப்புக்குறி போட்டால், அப்போதே போன் போடுவது. நீங்கள் பட்டனை உருவாக்கும் அந்த வரியிலேயே கணக்கிடு ஓடிமுடிந்து, அது திருப்பித் தந்த விடை பட்டனிடம் போகிறது. எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனின் விடை நன், அதாவது ஒன்றுமில்லை. பட்டனின் கையில் ஒன்றுமில்லை என்பதால் அழுத்தும்போதும் ஒன்றுமில்லை. பிழைச் செய்திகூட வராது. அதனால்தான் இது இவ்வளவு பேரை இவ்வளவு நேரம் அலைக்கழிக்கிறது.

சரி, ஃபங்ஷனுக்கு ஒரு மதிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டுமென்றால்? அடைப்புக்குறி வேண்டுமே. அதற்கு லாம்டா: கமாண்ட்=லாம்டா: கணக்கிடு(5). அழுத்தும்போது செய்ய வேண்டியதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறீர்கள், அழுத்தும்வரை பொட்டலம் பிரியாது.

அடுத்த பொறி இங்கேதான். கால்குலேட்டர் செய்கிறீர்கள், 0 முதல் 9 வரை பத்து பட்டன்களை ஃபார் லூப்பில் உருவாக்குகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் லாம்டா: அடி(எண்). ஓட்டினால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் 9 தான் வருகிறது. லாம்டா எண் என்ற பெயரைத்தான் நினைவில் வைக்கிறது, அந்த நேரத்து மதிப்பை அல்ல. நீங்கள் அழுத்தும்போது லூப் எப்போதோ முடிந்து, எண் 9-இல் நின்றுவிட்டது. பத்துப் பட்டன்களும் போய்ப் பார்ப்பது அதே ஒரு மாறியை. லாம்டா எண்=எண்: அடி(எண்) என்று எழுதுங்கள். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய மதிப்பை லாம்டா தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும்.

என்டர் விசைக்கும் அதே கணக்கிடு ஓடட்டும் என்று பைண்ட் போட்டால், "0 ஆர்கியுமென்ட் வாங்கும், 1 கொடுக்கப்பட்டது" என்ற பொருளில் டைப்எரர் வரும். பைண்ட் எப்போதும் நடந்த நிகழ்வின் விவரத்தைக் கூடவே அனுப்பும், கமாண்ட் எதையும் அனுப்பாது. இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷன் பொருந்த, கணக்கிடு(நிகழ்வு=நன்) என்று ஃபங்ஷனின் டெஃப் வரியை எழுதிவிடுங்கள்.

"நன்டைப் ஆப்ஜெக்ட் ஹாஸ் நோ ஆட்ரிபியூட் கெட்"

இந்தச் செய்தியைப் பார்த்த உடனே பெட்டியை உருவாக்கிய வரிக்குப் போங்கள். விலை=என்ட்ரி(ரூட்).பேக்() என்று ஒரே வரியில் இருக்கும் (ரூட் என்பது முதன்மை விண்டோவுக்கு வைத்த பெயர்). பேக் திருப்பித் தருவது நன். விலை என்ற பெயரில் பெட்டி இல்லை, ஒன்றுமில்லைதான் இருக்கிறது. இரண்டு வரியாக்குங்கள்: முதலில் விலை=என்ட்ரி(ரூட்), அடுத்த வரியில் விலை.பேக்(). விண்டோவில் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதில் எழுதவும் முடிகிறது, பிறகு ஏன் இல்லை என்கிறது என்று குழம்புவார்கள். பெட்டி டிகேயிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் பிடிக்கும் கைப்பிடிதான் உங்களிடம் இல்லை.

மொத்தம் தப்பாக வருகிறது

விலை 25, அளவு 4. விடை 100 வர வேண்டும், லேபிளில் 25252525 என்று நிற்கிறது.

பெட்டியிலிருந்து கெட் எடுத்துத் தருவது எப்போதும் எழுத்துச் சரம்தான், எண் அல்ல. அளவை மட்டும் இன்ட் ஆக்கிவிட்டு விலையை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஒரு சரத்தை 4-ஆல் பெருக்கினால் பைத்தான் அதை நான்கு தடவை ஒட்டி வைக்கும். கூட்டலிலும் அப்படித்தான், 5-உம் 3-உம் 53 ஆகும். இரண்டையும் மாற்றாமல் பெருக்கினால் மட்டும் டைப்எரர் வந்து உங்களைக் காப்பாற்றும். விலைக்கு ஃப்ளோட், எண்ணிக்கைக்கு இன்ட் என்று இரண்டையும் மாற்றுங்கள்.

மாற்றியதும் அடுத்தது வரும்: வேல்யூஎரர். கடைசியில் இரண்டு ஒற்றை மேற்கோள் மட்டும் வெறுமனே நின்றால், பெட்டி காலியாக இருந்தபோது படித்திருக்கிறீர்கள். பயனர் எழுதாமல் அழுத்தியிருக்கலாம், அதற்கு ட்ரை, எக்ஸெப்ட் போட்டு, "விலையை எழுதுங்கள்" என்று லேபிளில் சொல்லுங்கள். ஆனால் புதியவர்கள் நிரலில் பெரும்பாலும் வேறு காரணம். பெட்டியை உருவாக்கிய அடுத்த வரியிலேயே கெட் எழுதியிருப்பார்கள். அந்த வரி ஓடும்போது விண்டோ திரைக்கே வரவில்லை, யார் எழுதியிருக்க முடியும்? கெட் எப்போதும் பட்டனின் ஃபங்ஷனுக்குள் இருக்க வேண்டும். இங்கேயும் கேள்வி அதேதான்: இந்த வரி எப்போது ஓடுகிறது, ஓட்டுவது யார்?

கடைக்காரர் 1,250 என்று காற்புள்ளி வைத்து எழுதினாலும் வேல்யூஎரர்தான். ரீப்ளேஸ் கொண்டு காற்புள்ளியை நீக்கிவிட்டு மாற்றுங்கள். எனக்குப் பிடித்த ஒரு விஷயம், தமிழ் எண்களில் ௨௫ என்று எழுதினால் இன்ட் அதை 25 என்றே சரியாகப் படிக்கும். பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱ போன்றவற்றை ஏற்காது, ஏனென்றால் யூனிகோடில் அவை இலக்கங்களாக வகைப்படுத்தப்படவில்லை.

மொத்தம் 30.299999999999997 போல வால் நீண்டு வந்தால் நிரலில் பிழை இல்லை. ஃப்ளோட் எண்ணை இரும முறையில் சேமிப்பதால் வரும் மிச்சம் அது. காட்டும்போது இரண்டு தசம இடத்துக்குச் சுருக்குங்கள். பல நாள் கணக்கைக் கூட்டிவைக்கும் நிரலானால் டெசிமல் மாட்யூலுக்கு மாறிவிடுவது நல்லது, அல்லது எல்லாவற்றையும் பைசாவில் இன்ட் ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகும் மாறியைத் தொட்டதும் அன்பவுண்ட்லோக்கல்எரர் வருகிறதா? ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் மாறியை உள்ளே மாற்ற நினைத்தால் முதல் வரியில் குளோபல் மொத்தம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உள்ளே வேறொரு மொத்தம் இருப்பதாகப் பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

விண்டோ உறைந்து "நாட் ரெஸ்பாண்டிங்" ஆகிறது

இங்கே மெயின்லூப் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். பட்டனின் ஃபங்ஷனுக்குள் டைம்.ஸ்லீப்(10) வைத்திருக்கிறீர்கள், அல்லது வொய்ல் ட்ரூ, அல்லது இணையத்திலிருந்து ஏதோ இறக்குகிறீர்கள். அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பும்வரை மெயின்லூப் காத்துக்கொண்டே நிற்கிறது. அது நிற்கும்போது திரையை வரைய ஆள் இல்லை, மவுஸைக் கவனிக்க ஆள் இல்லை, எக்ஸ் குறியை அழுத்தினாலும் மூட ஆள் இல்லை. விண்டோஸில் ஐந்து நொடி ஒரு நிரல் எதற்கும் பதில் சொல்லாவிட்டால், அது உறைந்துவிட்டதாக விண்டோஸ் முடிவு கட்டித் தலைப்பில் அப்படி எழுதும். நிரல் சாகவில்லை, உங்கள் ஃபங்ஷன் அதைப் பிடித்துவைத்திருக்கிறது.

கடிகாரமோ கவுண்ட்டவுனோ செய்பவர்கள் எல்லோரும் இதில் விழுவார்கள். ஸ்லீப்புக்குப் பதில் ஆஃப்டர்: ரூட்.ஆஃப்டர்(1000, நகர்த்து). "ஆயிரம் மில்லிநொடி கழித்து நகர்த்து என்ற ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று மெயின்லூப்பிடம் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுகிறீர்கள். நகர்த்து ஃபங்ஷன் எண்ணை ஒன்று குறைத்து, லேபிளை மாற்றி, கடைசியில் தன்னையே இன்னொரு ஆஃப்டரில் போட்டுக்கொள்ளும். நடுவில் விண்டோ சுதந்திரமாக இருக்கும்.

ஆஃப்டரிலும் அடைப்புக்குறி எச்சரிக்கை உண்டு. ஆஃப்டர்(1000, நகர்த்து()) என்று எழுதினால் காத்திருக்காமல் தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே போய், ரிகர்ஷன்எரரில் முடியும். இரண்டாவது மதிப்பைக் கொடுக்காமல் ஆஃப்டர்(1000) என்று மட்டும் எழுதினால் அது ஸ்லீப் போலவே எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும். ஆஃப்டர் போட்டும் உறைகிறது என்றால் இந்த இரண்டையும் பாருங்கள்.

"காத்திருக்கவும்" என்று லேபிளை மாற்றிவிட்டு நீண்ட வேலையைத் தொடங்கினால், அந்த எழுத்து வேலை முடியும்வரை திரைக்கு வராது. லேபிளின் மதிப்பு மாறிவிட்டது, வரைவதற்குத்தான் மெயின்லூப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. மாற்றிய அடுத்த வரியில் அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ் சொல்லுங்கள். சிலர் அப்டேட் என்ற கட்டளையை லூப்புக்குள் தூவிவிடுவார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வேலை பாதியில் இருக்கும்போதே பயனர் அதே பட்டனை மறுபடி அழுத்த அது வழி விடுகிறது, அந்தக் குழப்பத்தைப் பிறகு கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இணையத்திலிருந்து இறக்கும் வேலை உண்மையிலேயே நீளமானால் அதைத் தனி த்ரெட்டில், அதாவது மெயின்லூப்புக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு ஓட்டத்தில், ஓட்டுங்கள். ஆனால் அந்த த்ரெட்டிலிருந்து லேபிளையோ பட்டனையோ தொடாதீர்கள். ஒரு நாள் ஓடும், மறுநாள் காரணமில்லாமல் நிற்கும். த்ரெட் தன் விடையை ஒரு கியூவில் (வரிசையில்) போடட்டும். மெயின்லூப் பக்கத்திலிருந்து 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ஆஃப்டர் கொண்டு கியூவை எட்டிப்பார்த்து, வந்திருந்தால் எடுத்து லேபிளில் எழுதுங்கள்.

படம் வரவில்லை, படத்துக்கான இடம் மட்டும் இருக்கிறது

ஃபங்ஷனுக்குள் ஃபோட்டோஇமேஜ் உருவாக்கி லேபிளில் வைத்தீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் உள்ளே இருந்த மாறிகளைப் பைத்தான் துப்புரவு செய்துவிடும், படமும் அதோடு போய்விடும். லேபிள் அந்தப் படத்தைப் பைத்தான் பக்கம் பிடித்துவைப்பதில்லை. லேபிள்.இமேஜ்=படம் என்று ஒரு வரி சேர்த்தால் லேபிள் இருக்கும்வரை படமும் இருக்கும். செய்தியே வராத பிழை என்பதால் இதைத் தெரிந்துவைத்திருந்தால்தான் பிடிக்க முடியும்.

செய்தி வந்தால் வேறு காரணம். "குடன்ட் ரெகக்னைஸ் டேட்டா" என்றால் அது ஜேபெக் படம். டிகே 8.6 தானாகப் படிப்பது பிஎன்ஜி, ஜிஃப் போன்ற சிலவற்றைத்தான், ஜேபெக்குக்குப் பில்லோ என்ற நூலகம் வேண்டும். ஃபைலின் பெயரில் வாலை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது.

"நோ சச் ஃபைல்" என்றால், நிரல் இருக்கும் ஃபோல்டரில் படம் இருந்தும் அப்படி வரலாம். பைத்தான் தேடுவது நீங்கள் எங்கிருந்து ஓட்டினீர்களோ அந்த ஃபோல்டரில். "என் கம்ப்யூட்டரில் ஓடுது, நண்பன் கம்ப்யூட்டரில் ஓடலை" என்பதில் பெரும்பாலானவை இதுதான். பாத்லிப் மாட்யூல் கொண்டு, நிரல் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து பாதையைக் கட்டுங்கள். விண்டோஸில் முழுப் பாதையைப் பின்சாய்வுக் கோடுகளோடு ஒட்டியிருந்தால் "யூனிகோட் எரர்" வரலாம், ஏனென்றால் பின்சாய்வுக் கோடும் அடுத்த எழுத்தும் சேர்ந்து பைத்தானுக்கு வேறு பொருள் தரும். மேற்கோளுக்கு முன் ஆர் என்ற எழுத்தைச் சேருங்கள், அல்லது முன்சாய்வுக் கோடாக மாற்றுங்கள்.

"கேன்நாட் யூஸ் ஜியாமெட்ரி மேனேஜர் கிரிட்"

ஒரே ஃபிரேமுக்குள் பேக்கையும் கிரிட்டையும் கலந்துவிட்டீர்கள். ஒரு ஃபிரேமுக்கு ஒன்று என்று முடிவு செய்யுங்கள். தனித்தனி ஃபிரேம்களில் வேறு வேறு வைக்கலாம், அதில் தவறில்லை. பில் போன்ற படிவத்துக்கு கிரிட்தான் வசதி.

"அன்னோன் ஆப்ஷன் -பிஜி", அல்லது நிறம் மாறவில்லை

டிடிகே என்பது டிகின்டருக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பட்டன், பெட்டித் தொகுப்பு. அதன் பட்டனுக்கு பிஜி (பின்னணி) என்று நேரடியாக நிறம் கொடுக்க முடியாது, அதற்கு ஸ்டைல் வழி தனி. டிகின்டரையும் டிடிகேயையும் நட்சத்திரக் குறியிட்டு இம்போர்ட் செய்தால் பட்டன் என்ற பெயர் சொல்லாமலே டிடிகேயுடையதாக மாறிவிடும், பலருக்குப் பிழை அங்கே தொடங்கும். மேக்கில் சாதாரணப் பட்டனும் பின்னணி நிறத்தைக் கண்டுகொள்ளாது, அங்கே பட்டன்களை வரைவது அந்த சிஸ்டமே.

இரண்டாவது விண்டோவில் ஸ்ட்ரிங்வார் மாறவே இல்லை

ஸ்ட்ரிங்வார் என்பது பெட்டியோடும் லேபிளோடும் இணைத்துவைக்கும் மாறி. முதன்மை விண்டோவை உருவாக்கும் டிகே() என்ற கட்டளையை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது விண்டோவுக்கு டாப்லெவல்() போடுங்கள். ஒரு நிரலுக்கு ஒரு டிகே() போதும். இரண்டு இருந்தால் அவை ஒன்றையொன்று அறியாத இரண்டு தனி உலகங்கள், ஸ்ட்ரிங்வார் முதலாவதில் மட்டும் வாழும்.

தமிழ் எழுத்து சரியாக வரவில்லை

ஆங்கிலத்தில் இருக்கும் உதவிப் பக்கங்களில் இது கிடைப்பதில்லை, நமக்கு இது அன்றாடம் தேவை.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் போடுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ கூடவே வருகிறது. கடைப் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றி எடுத்து வாருங்கள்.

எழுத்துரு இருந்தும் லினக்ஸில் கொம்பு தன் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? "கெ" என்பதில் ககரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு பிறகும் வருகிறதா? உங்கள் நிரலில் தேடாதீர்கள். லினக்ஸில் டிகே 8.6 குறியீடுகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து கோக்கும் வேலையை அது செய்வதில்லை. எழுத்துருவை எத்தனை மாற்றினாலும் இது தீராது. தமிழ் முக்கியமான நிரலை லினக்ஸில் தர வேண்டுமென்றால் கியூட்டி அல்லது ஜிடிகே என்ற வேறு விண்டோ கருவிகள் பக்கம் போவதுதான் சரி. இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற கருவி மூலம் எழுத்தைச் சரியாகக் கோக்கும். பாதி நிரல் எழுதிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வேதனை, அதனால் முதல் நாளே ஒரு லேபிளில் "கொய்யா" என்று எழுதிப் பார்த்துவிடுங்கள்.

பெயர்ப் பெட்டியில் பத்து எழுத்துக்கு மேல் கூடாது என்று லென் கொண்டு எண்ணினால் கணக்கு தப்பும். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி.

ஃபைலில் சேமிக்கும்போது "சார்மேப்" என்ற சொல்லோடு பிழை வந்தால், ஓப்பன் கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேருங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் பழைய குறியீட்டு முறையை எடுத்துக்கொள்ளும், அதில் தமிழுக்கு இடமில்லை. எக்ஸெலில் திறக்கப்போகும் சிஎஸ்வி ஃபைலானால் யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள், இல்லையென்றால் எக்ஸெலில் குப்பையாகத் திறக்கும்.

இவை எதிலும் அடங்காத பிழை

புது ஃபைல் ஒன்றைத் திறந்து, தகராறு செய்யும் பட்டனையும் அதன் ஃபங்ஷனையும் மட்டும் பதினைந்து வரிக்குள் எழுதிப் பாருங்கள். சரியாக ஓடினால் பழைய நிரலிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எந்தத் துண்டில் கெடுகிறதோ அங்கே இருக்கிறது பிழை. ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு பிரிண்ட் போட்டு, அது கூப்பிடப்படுகிறதா, எத்தனை தடவை, எப்போது என்று டெர்மினலில் பாருங்கள்.

பதினைந்து வரியிலும் கெட்டால், அந்த ஃபைலை யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். திரையை போனில் படம் பிடித்து அனுப்பாமல், நிரலையும் முழுப் பிழைச் செய்தியையும் எழுத்தாகவே ஒட்டுங்கள். கூடவே பைத்தான் பதிப்பு, டிகே பதிப்பு, என்ன சிஸ்டம், எந்தப் பட்டனை அழுத்தியபோது நடந்தது என்பதையும் சொல்லுங்கள்.